கறுத்த முட்டை

எனக்கு மதியத் தூக்கம் கிடையாது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், என் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாகக் குளவி வளர்க்கிறேன். கொட்டாது, கடுகைவிடச் சின்னது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே இருப்பதைத் தின்றே அது வளரும். நாலாம் நாள் அந்துப்பூச்சி முட்டை கறுத்துவிடும். கறுத்த முட்டைகளை அட்டையில் ஒட்டி மெய்த்திலாவுக்கு பஸ்ஸில் அனுப்புவேன். அங்கே தோட்டம் வைத்திருக்கும் ஷாநவாஸ் பாய் அதைத் திராட்சைக் கொடியில் கட்டுவார். குளவி வெளிவந்து, கொடியில் புழு பொரிக்கும் முன்பே முட்டைகளை முடித்துவிடும். மருந்தடிக்காத திராட்சை என்று அவர் பெயர் வாங்கியது என்னால்தான். யார் வேண்டுமானாலும் மறுக்கட்டும்.

என்னிடம் ஒரே சட்டம். குளவி வெளிவரும் நாளில் உள்ளறைக் கதவைத் திறக்கக் கூடாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உம்மு சல்மாவுக்கும் அது தெரியும்; ஆறு வருஷமாக என்னிடம் வேலை பார்த்தவள். நல்ல பெண். அந்துப்பூச்சி இறகுத் தூள் ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்தது. இன்ஹேலர் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

தண்ணீர்த் திருவிழா வாரத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வெக்கையில் குளவி அத்தனையும் செத்தன. உள்ளறை முழுக்க அந்துப்பூச்சி மட்டும் தப்பித்தது, அதற்கென்ன கேடு. பாய்க்கு அட்டை போயாக வேண்டும். குளவி ஏறாத வெள்ளை முட்டைகளுக்குக் கறுப்பு மை பூசினேன். பதினோரு வருஷப் பெயரை நீங்களாக இருந்தால் விட்டுவிடுவீர்களா?

சல்மாவின் விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"பாமாக்கா, இது மைதானே? பாய் தோட்டமே போயிரும். நா போன் போட்டுச் சொல்லிர்றேன்."

"சொல்லும்மா. உள்ள மிச்ச அட்டை இருக்கு, அதையும் எடுத்துட்டு வா."

அவள் போனும் இன்ஹேலரும் என் மேசைமேல் இருந்தன. அவள் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

தட்டினாள். "மூச்சு முட்டுது, தெறங்கக்கா" என்றாள். தூங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான்தான் மதியத்தில் தூங்குவதில்லையே. ஃபிளாஸ்க்கிலிருந்து வெறும் டீ ஊற்றிக் குடித்தேன். சத்தம் நின்ற பிறகும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் திறக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். திறந்தால் குளவி பறந்துவிடும், ஐயா. உள்ளே உயிரோடு ஒரு குளவிகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காகச் சட்டத்தை விட முடியுமா?