ஏழாம் குழியின் மணல்பள்ளம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. ஆனாலும் தொண்டைக்கு இதமாக இருந்தது. சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

கோல்ஃப் மைதானங்களை வடிவமைப்பது என் தொழில். புல்லையும், குழியைக் காட்டும் கொடிக்கம்பையும் யாரும் வைத்துவிடலாம். மைதானத்துக்கு மூளை மணல்பள்ளம்தான். ஆடுகிறவர்கள் பங்கர் என்பார்கள். பந்தைப் பிடிக்கிற பொறி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கேள்வி. பள்ளத்தைத் தாண்டி நேராக அடித்தால் கொடி கிட்டத்தில் வரும். தவறினால் மணலில் மாட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிப் போனால் பயமில்லை, ஆனால் பின்தங்கிவிடுவோம். எந்த வழியை எடுக்கிறார் என்று பார்த்தால் ஆளின் குணம் தெரிந்துவிடும்.

மைதானம் அத்தானுடையது. என்னை வளர்த்த அக்காவின் கணவர். கெட்டவர் அல்ல, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் அமைத்த பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஜாலியா ஆட வர்றவன், உன் பள்ளத்துல விழுந்து அழுறதுக்கா வர்றான்? மூடிடு மாப்ளே."

மூடினார்கள். என் மைதானம் மேய்ச்சல் நிலமாயிற்று. அக்காதான் குறுக்கே வந்தாள். "அவன் மனசு நோகுதுங்க. ஒண்ணாவது விட்டு வைங்களேன்."

ஏழாம் குழிக்கு முன்னால் இருந்த பள்ளத்தை மட்டும் விட்டுவைத்தார். அந்தப் பள்ளத்தை நான் புதிதாகக் கட்டினேன். ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். கொடி இருக்கும் பக்கம், புல்கட்டிகளை அடுக்கி ஏறக்குறைய செங்குத்தாக ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் நீர் வடியக் குழாய் வைப்பது வழக்கம். நான் வைக்கவில்லை. மழைநீரைக் குடித்த மண் சும்மா நிற்காது, ஐயா.

வேறு ஆட்டக்காரர் யாராவது மாட்டியிருந்தால் என்று கேட்கிறீர்கள். மழை பெய்தால் மைதானத்தை மூடிவிடுவார்கள். உரிமையாளருக்கு மட்டும் எந்தக் கதவு மூடும்? அத்தான் சுற்றிப் போகிறவரும் அல்ல. வயதாகி அவருடைய வீச்சு குறைந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் பந்து சரியாக வந்து விழும் இடத்தில்தான் பள்ளத்தை வைத்திருந்தேன்.

மழை விட்ட மதியம் அத்தான், அக்கா, நான் மூவரும் போனோம். அத்தான் நேராக அடித்தார். பந்து சுவரின் அடியில் போய் நின்றது. சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பாத்தியா மாப்ளே, உன் பள்ளத்துக்கு என்மேல ஆசை."

மட்டையை ஓங்கியபோது அது சுவரில் இடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரமூட்டையை இறக்கிவைத்தது போல ஓர் ஓசை. பிறகு அவர் தொப்பி மட்டும் மணல்மேல் கிடந்தது.

அக்கா குதித்துவிட்டாள். அவள் குதிப்பாள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தொழிலில் இது ஒரு பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். நகத்தாலேயே தோண்டினாள்.

"தம்பி, இறங்கி வாடா. இந்தப் பக்கம் கொஞ்சம் அள்ளுடா. மூச்சு விடுறாருடா, கேக்குது."

எனக்கும் கேட்டது. சுவரின் மீதிப் பாதி அவள் முதுகுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. "அக்கா, வெளியே வா" என்று சொல்ல நேரம் இருந்தது. வாயும் திறந்தேன். ஆனால் அந்தச் சுவர் விழும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆமாம், இருவரையும் நான்தான் கொன்றேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள், ஐயா. கடைசி மூச்சுவரை அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். என்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவளுக்குக் குலையாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு தம்பி வேறென்ன செய்ய முடியும்?