ஒரே விசிலுக்குக் குதிக்கிற மனுஷன்

எந்திரிக்காத, எந்திரிக்காத. மாவுக்கட்டோட எதுக்கு மரியாதை? தண்ணியெல்லாம் வேணாம், குடிச்சிட்டுத்தான் வந்தேன். நான் யாருன்னு தெரியுதுல்ல? ஆமா, உங்க சர்வேயரோட பொண்டாட்டியேதான்.

ஓடுற லாரிக்கு முன்னாடி நின்னு கொடி காட்டுறவ, கடைசில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தியாக்கும்! சிரிக்காத, வலிக்கும்.

எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாதும்மா. உன்மேல எனக்குப் பொறாமை. என்ன முழிக்கிற? தப்பா ஒண்ணும் நெனைக்கல. அப்படி ஏதாவது இருந்தா நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டுப் போயிருப்பேன். இது அதைவிட வயித்தெரிச்சல். ஒரு நாள் உங்க வேலையைப் பாக்கலாம்னு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்னேன். அவரு அந்த அளக்குற மிஷின்ல கண்ணை வச்சுக் குனிஞ்சிருக்காரு, முதுகுக்குப் பின்னாடி வண்டி பறக்குது. நீ வண்டிங்களைப் பாத்து நிக்கிற. ஒரு விசில் அடிச்ச பாரு, மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல, மிஷினை அப்படியே விட்டுட்டு தடுப்புக்கு அந்தாண்ட குதிச்சாரு! வீட்ல நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பேப்பருக்குள்ளேருந்து ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரோட்ல மட்டும் எப்படின்னு கேட்டா, அவ முழிச்சிருக்கா, எனக்கென்ன பயம்ங்கிறாரு. கல்யாணமான நாள்லேருந்து முழிச்சிக்கிட்டு இருக்கிற நான் யாராம்?

இப்ப உன் இடத்துல யாரைப் போட்டிருக்காங்க, தெரியுமா? அவனேதான், சூப்பர்வைசரோட மச்சான். ஒரு கையில கொடி, ஒரு கையில போன். விசில் அடிக்காம இல்ல, சைக்கிள் வந்தாலும் அடிக்கிறானாம், சும்மாவும் அடிக்கிறானாம். கேட்டுக் கேட்டு இவரு காதுல வாங்குறதையே விட்டுட்டாரு. நேத்து சட்டையைக் கழட்டும்போது பாக்குறேன், தோள்பட்டையில தோல் உரிஞ்சு கெடக்கு. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு மழுப்புறாரு. கூட வர்ற டிரைவரைப் பிடிச்சு உலுக்கினேன், உண்மை வந்துச்சு. வேன் கண்ணாடி உரசிட்டுப் போயிருக்கு. மிஷின் ஸ்டாண்டு தூள்தூளாம். இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் நின்னிருந்தா... வேணாம், சொல்ல வாய் வரல.

அட, நீ எதுக்குக் கண்ணைத் தொடைக்கிற? இதுலயும் நீதான் முந்திக்கணுமா?

சரி, விடு. காலைலேயே போய் சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் வர்றேன். உன் கால் சரியாகுற வரைக்கும், நாளைலேருந்து அங்க நான்தான் நிக்கப்போறேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. எங்க, உன் விசிலை எடு. எப்பவும் எப்படி அடிப்பியோ அப்படியே அடிச்சுக் காட்டு, அச்சு அசலா அதையே பழகிக்கிறேன். அடிக்கிறது நான்னு தெரிஞ்சா ஆற அமரத்தான் திரும்புவாரு. நீன்னு நெனச்சாத்தான் குதிப்பாரு.