கோளிக் கொளம்பு

மூணாவது வரிசையில ஒரு அக்கா இப்பக் கையைத் தூக்குனாங்க. தலைவர் ஐயா அந்தப் பக்கம் திரும்பினதும், அதே கையால தலையைச் சொறிஞ்சுக்கிட்டாங்க. பார்த்துட்டேன்க்கா... யாரும் சிரிக்காதீங்க, போன கிராம சபையில நானும் அதைத்தான் செஞ்சேன்.

தீர்மானம் வாசிக்கத்தான் எங்கிட்ட மைக்கைக் கொடுத்தாங்க. அது இருக்கட்டும். முதல்ல ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேனே. பட்டாளத்துக் கதை.

எல்லையோரம் ஒரு காடு. பத்தடி தள்ளி நிக்கிறது மாடா மனுசனான்னு தெரியாது, அம்புட்டு அடர்த்தி. அங்க சண்டை. ரோடு கிடையாது. பட்டாளம் எப்படிப் போகும்? ஏரோப்ளேன்ல போய், பாராசூட்டைக் கட்டிக்கிட்டு, தொபுக்கடீர்னு குதிக்கும்! மொத்தம் முப்பது பேரு, எல்லாம் நம்ம பாஷை பேசுறவங்க. ஆத்து மேல இருக்கிற ஒரு மரப்பாலத்தைப் பிடிக்கணும். பெரிய படை வந்து சேர்ற வரைக்கும் அதை விடக் கூடாது. அதான் வேலை.

காட்டுக்குள்ள வர்றது நம்மாளா, எதிரியா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹவில்தார் துரைக்கண்ணு, தஞ்சாவூர்க்காரர், ஒரு வழி சொன்னார்.

"காவல்ல நிக்கிறவன் 'சோறு'ன்னு கேட்பான். வர்றவன் 'கோழிக்குழம்பு'ன்னு சொல்லணும். எதிரி ஒட்டுக்கேட்டாலும் அந்த 'ழ' அவன் வாயில வராது. தப்பாச் சொன்னா... சுடு!"

நல்ல யோசனைதானே? ஆனா அந்தப் படையில பேச்சிமுத்துன்னு ஒருத்தன். திருச்செந்தூர்ப் பக்கம். தெக்கத்திக்காரன் அவன் ஒருத்தன்தான். அவனும் சொல்லிப் பார்த்தான்.

"கோளிக் கொளம்பு."

ஒரே சிரிப்பு! "டேய் கோளி, முட்டை எங்கடா?"ன்னு துரைக்கண்ணு கேட்டார். அன்னையில இருந்து பேச்சிமுத்துக்குப் பேர்ல மட்டும்தான் பேச்சு. வாயை மூடிக்கிட்டான்.

விடியக்காலம் குதிச்சாங்க. காத்து பேச்சிமுத்துவை மட்டும் ஆத்துக்கு அக்கரையில தள்ளி, ஒரு மரத்துல மாட்டி விட்டுருச்சு. தொங்குறான். தொங்கிக்கிட்டே பார்க்கிறான்... எதிரி கூட்டமா நின்னு மூங்கில்ல தெப்பம் கட்டிக்கிட்டு இருக்காங்க. ஆத்தோட வந்து பாலத்தை அடிக்கப் போறாங்க! கயித்தை அறுத்தான். ஓடினான். மத்தவங்க அதுக்குள்ள பிடிச்சிருந்த பாலத்துக்கே வந்துட்டான். ஆனா அங்க கண்ணு தெரியாத மூடுபனி.

பனிக்குள்ள இருந்து துரைக்கண்ணு குரல். "சோறு?"

பேச்சிமுத்து... வாயைத் திறக்கல.

"சோறு?" துப்பாக்கி சடக்குன்னுச்சு.

அப்பவும் திறக்கல. என்ன நினைச்சிருப்பான்? சிரிப்பாங்களே... சிரிப்பாங்களேன்னு! துப்பாக்கிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அவன் குண்டுக்குப் பயப்படல, சிரிப்புக்குப் பயந்தான். உங்களுக்குப் புரியுதா? எனக்கு நல்லாப் புரியுது.

"கடைசித் தடவை. சோறு?"

கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கத்தினான். "கோளிக் கொளம்பு! கோளிக் கொளம்பு, அண்ணாச்சி! தெப்பம் கட்டுதானுவ! மேக்கால இருந்து வாரானுவ!"

பனிக்குள்ள துரைக்கண்ணு சிரிச்சுட்டார்.

"வாடா கோளி! இவ்வளவு சுத்தமாத் தப்பாச் சொல்றதுக்கு எந்த எதிரியாலயும் முடியாது!"

உடனே மேற்குப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினாங்க. தெப்பம் பாதி ஆறு வர்றதுக்குள்ள அடிச்சு விரட்டிட்டாங்க. மத்தியானம் பெரிய படை வந்தப்ப பாலமும் இருந்துச்சு, முப்பது பேரும் இருந்தாங்க. மறுநாள்ல இருந்து அடையாளச் சொல்லே 'கோளிக் கொளம்பு'தான். தஞ்சாவூர்க்காரருக்குத்தான் வாயில வரலையாம்!

எதுக்கு இதைச் சொன்னேன்? அவன் தப்பாப் பேசினதால யாரும் சாகல. பேசாம நின்னானே ரெண்டு தடவை... அப்பத்தான் முப்பது உயிரும் போகப் பார்த்துச்சு. நாமளும் இங்க வர்றோம், டீ குடிக்கிறோம், போறோம். பேச்சு சரியா வராதாம். வரலைன்னா என்ன? சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். சிரிக்கணும்னாக் கூட, நம்ம சொன்னதை முதல்ல அவங்க கேட்கணுமில்ல?

தலைவர் ஐயா... வடக்குத் தெருக் கொளாயில பதினேளு நாளாத் தண்ணி வரல. எப்ப வரும்?