இரண்டாவது சாட்சி

பிரசவ வீட்டில் நான் முதலில் கேட்பது சோப்பு. ரோசலின் வீட்டில் நல்ல சோப்பு இருந்தது, ஐயா. முழங்கை வரை கழுவிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி நான். எங்கள் தமிழ்ச் சபையில் பெண்களின் நடத்தையைக் கவனித்து மூப்பர்களிடம் சொல்வதும் என் பொறுப்பு.

ரோசலினைச் சபை விலக்கி வைத்திருந்தது. மணம் செய்யாமல் சிக்கந்தரோடு வாழ்ந்தாள். முதலில் தனியாகப் போய் அவளிடம் சொன்னேன். பிறகு இருவரோடு போய்ச் சொன்னேன். பிறகுதான் சபைக்குச் சொன்னேன். வேதம் சொல்லும் வரிசை அது. அதன்பின் எங்கள் பெண்கள் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாசார் கடைகளில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெறுப்பு இல்லை. அவள் திரும்பி வரத்தான்.

வலி கண்டதும் சிக்கந்தர் என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"பிள்ளை பெத்தாத்தான் எங்கிட்ட பேசுவீங்களாக்கா?" என்று ரோசலின் சிரித்தாள்.

மத்தியானம் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை; அதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பையை அழுத்திப் பிசைந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பையில் மருந்தும் இருந்தது.

அவள் பயந்திருந்தாள். அத்தனை மாதமாக இளகாத மனம் அப்போதுதான் இளகியது.

"செஞ்சது தப்புன்னு சொல்லு" என்றேன்.

"தப்புதான்கா. எல்லாமே தப்புதான். கைய வைங்கக்கா."

சபை விலக்கியவளை ஒருத்தி மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவள் மனந்திரும்பியதற்கு இரண்டு சாட்சி வேண்டும். சிக்கந்தர் எங்கள் சபை இல்லை.

அவர் கதவருகே நின்றார். "அக்கா, ரத்தம் இப்படிப் போவுதே. டாக்டர கூட்டிட்டு வரவா?"

"புலாவ் திக்குஸ் பக்கம் போயி ஹென்றியக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

ஆஸ்பத்திரி அதைவிடப் பக்கம். ஹென்றி மூப்பரை டாக்டர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் ரிக்‌ஷாவுக்குக்கூட நிற்காமல் ஓடினார்.

ரத்தம் நின்றால் பயம் போய்விடும். பயம் போனால் மூப்பரின் முன் அவள் வேறு சொல்லக்கூடும். அதனால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். "அக்கா, கை" என்றாள். "இதோ வந்துடுவாரு" என்றேன். பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

மூப்பர் வந்தபோது உடம்பில் சூடு மட்டும் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்ககிட்ட சொன்னாளே. அது போதாதாம்மா?"

சபையின் ஒழுங்கை ஒரு மூப்பரே அவ்வளவு லேசாக எண்ணினது எனக்குத் தாங்கவில்லை. போலீசுக்குச் சொல்லி உங்களை வரவழைத்தவரும் அவர்தான் என்று தெரியும், ஐயா. கோபம் இல்லை. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். அவர் இன்னும் மனந்திரும்பவில்லை.