மான் ரோல்ஸ் தின்ற மன்றம்

இந்த மன்றம் மானைத் தின்றது. மானைச் சுட்டவரைக் கைவிட்டது.

தலைமைப் பொறுப்பில் வீற்றிருக்கும் தில்லையம்பலம் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுமையாய் நிரப்பியிருக்கும் மூத்தோர்களே, காலை தொட்டு அடுப்படியில் நின்று களைத்த அம்மாக்களே, வெம்பிளியிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் இரண்டு ரயில் மாறி வடலண்டன் எட்மண்டனுக்கு வந்து சேர்ந்த உறவுகளே, வணக்கம். சுடுவதற்குத் துவக்கு வைத்திருப்பது சரியா, வேட்டையாடி உண்பது முறையா என்று பேச எனக்கு ஐந்து நிமிடம் தந்தீர்கள். சரியா முறையா என்பது இருக்கட்டும். சாப்பிட்டது யார்?

என் அண்ணன் றமணனை உங்களுக்குத் தெரியும். கென்ற் பக்கத்துப் பண்ணை ஒன்றில், மரக்கன்றுகளை மேய்ந்து அழிக்கும் மான்களைச் சுடுவது அவருடைய வேலை. நான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் ஒன்றுகூடலுக்கும் இறைச்சி தந்தவர் அவர். சுருட்டிப் பொரித்து ரோல்ஸ் செய்தீர்கள், ரொட்டியோடு பிரட்டல் செய்தீர்கள், ருசி பார்க்கிறோம் என்று மூன்றாம் முறையும் தட்டை நீட்டினீர்கள். நன்றியுரையில் என்ன சொன்னீர்கள்? “பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர்.” விரும்பாதவர் யார்? அண்ணனா? அவரை யாராவது கேட்டீர்களா?

என்ன, நகுலேஸ்வரி அன்ரி? “பிள்ளை, உந்தச் சுடுற கதையே எனக்குக் கேக்க ஏலாது” என்கிறீர்கள். அன்ரி, அந்த மான் மாரடைப்பில் செத்தது என்றா நினைத்தீர்கள்? சிரிக்காதீர்கள். சிரித்தவர்களும் சாப்பிட்டவர்கள்தான்.

இப்போது அண்ணனின் துவக்கு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பொலிஸ் வந்து இரும்புப் பெட்டியின் பூட்டைப் பார்த்தது. வைத்தியர் கடிதம் கொடுத்தார். நம்பத்தக்கவர் என்று சான்று சொல்ல, அவரை நன்கு அறிந்த இருவரின் பெயரும் வேண்டும். ஒருவர், கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர். இன்னொரு பெயருக்காக அண்ணனும் நானும் நம் தலைவர் ஐயா வீட்டுக்குப் போனோம்.

“தம்பி, துவக்குக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள். உந்தப் பேப்பரிலை என்ரை பேர் வரக் கூடாது” என்றார்.

அந்தப் பயம் எனக்கும் உண்டு. தனியார் கையில் துவக்கே கூடாது என்பவர், அந்த இறைச்சியைத் தொடாதவராக இருந்தால், எழுந்து சொல்லட்டும், தலைவணங்கிக் கேட்பேன். ஆனால் ஐயா, வாசல்வரை வந்து வழியனுப்பும்போது நீங்கள் கேட்டது என்ன?

“தம்பி, மகளின்ரை கலியாணத்துக்கு ரெண்டு மான் ஏலுமோ?”

என்ன நியாயம் இது? மானுக்கு ஓம், துவக்குக்கு ஐயோவா? கைகூப்பிக் கும்பிட்டால் மான் விழுமா? கவிதை சொன்னால் விழுமா? நீங்கள் கை கழுவுவதற்கு அவர் கையில் இரத்தம் வேண்டுமா?

“கோசிகா, நேரம் முடிஞ்சுது பிள்ளை, இறங்கு” என்கிறீர்களா? மணியை அடியுங்கள், சபாரத்தினம் அண்ணை. அண்ணனுக்கும் நேரம் முடிகிறது. வெள்ளிக்கிழமையோடு உரிமம் போகும். உரிமத்தோடு வேலை போகும். வேலையோடு பண்ணை தந்த வீடு போகும். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள். நான் தங்கை, குடும்பத்தார் பெயர் செல்லாது.

இதோ விண்ணப்பம். இரண்டாவது பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அவரை நான்கு ஆண்டுகளாக அறிந்தவர்கள் நூறு பேருக்குமேல் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். இருந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி. விடைபெறும் வணக்கத்தை மட்டும் இப்போது சொல்ல மாட்டேன். ஒரு பெயர் கிடைக்கும்வரை இறங்கவும் மாட்டேன்.

யார் தருகிறீர்கள்?