அமீபாவுக்கும் கல்யாணம்

எனக்குக் கல்யாண வீடுகள் பிடிக்கும். “உனக்கு எப்போ?” என்று கேட்பவர்களைத்தான் பிடிக்காது.

பெயர்க் காரணம் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. மலையடிவாரத்து வெந்நீர்க் குளத்தில் வாழும் அமீபாக்கள்தான் என் முனைவர் ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்தி. அமீபா இரண்டாகப் பிளக்கும், அதற்கு ஜோடி கிடையாது என்பது தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து வரும் பேராசிரியர் பெல்காசெமின் கட்சி. “உன்னை மாதிரியேதாம்மா அதுகளும். தனிக்கட்டை” என்பார். ஆய்வகமே சிரிக்கும். குளத்தில் இரண்டு வம்சங்கள் இருந்தன. இரண்டின் மரபணுவும் கலந்த ஒரே ஒரு பிள்ளையைக் காட்டிவிட்டால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

அவற்றில் ஒன்று மூக்கு வழியாக மூளைக்கு ஏறிக் கொல்லும் வகை என்பது வசந்தத்திலேயே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் குளத்தை இறைத்துக் குளோரினைக் கொட்டியிருப்பார்கள். கல்யாணம் நடக்கவிருக்கும் வீட்டை யாராவது இடிப்பார்களா?

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸுலைக்கா சின்னம்மா எனக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் தருவார். “ஏண்டி, போத்தல் போத்தலா அள்ளிட்டுப் போறியே, தண்ணி நல்லாத்தானே இருக்கு?”

“உங்க மனசு மாதிரி இருக்கு, சின்னம்மா.”

கோடையில் அவர் மகள் யம்னாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய நீராட்டு. மெழுகுவர்த்தி, மேளம், குலவை. தோழிகள் அவள் தலையை முக்கி முக்கி எடுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“டாக்டரம்மா, மூக்கெல்லாம் எரியுதுடி. ஒண்ணும் ஆயிடாதே?”

“சளி போகும்” என்றேன்.

“இவளையும் முக்க விடுங்கடி. அப்பவாவது மாப்பிள்ளை வரட்டும்!” என்று ஒருத்தி என்னைத் தள்ளினாள். ஒதுங்கி நின்றால் நன்றாக இருக்காது. நானும் அவள் தலையைப் பிடித்து முக்கினேன்.

கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தலைவலி வந்தது. பிறகு காய்ச்சல், கழுத்து விறைப்பு. மருத்துவமனையில் வேறேதோ நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளி மட்டும் அங்கே வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டு வாங்கினேன்.

அதில் இருந்தது. இரண்டு வம்சமும் கலந்த பிள்ளை.

அடக்கத்தன்று சின்னம்மா என் தோளில்தான் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், பொய்யாக அல்ல. நன்றி மறப்பவள் இல்லை நான், ஐயா. அந்தப் புது வகைக்குப் பேராசிரியரின் பெயரை வைக்கச் சொல்லி ஆய்வகத்தில் எவ்வளவோ வற்புறுத்தினார்கள். நான் யம்னா என்றுதான் வைத்திருக்கிறேன்.