துடைச்சு வச்ச ஷாஃப்ட்

மார்க்கைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்... அதை அப்படியே நிறுத்தி வைங்க. ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும்.

கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி. அங்க செங்கோடன்னு ஒருத்தர், பம்புக்குள்ள சுத்தற இரும்புத் தண்டு, அதான் ஷாஃப்ட், அதைக் கிரைண்டிங் பண்ணி வழவழப்பாக்கறவர். தமயந்தின்னு ஒரு அம்மா, அதைச் சரிபார்த்து அனுப்பறவங்க. ஒருநாள் புதுசா ஒரு கருவி வந்துச்சு. இரும்பு மேல வெளிச்சம் அடிக்கும். வெளிச்சம் நேரா திரும்பினா வழவழப்பு... சிதறினா சொரசொரப்பு. தொடவே வேண்டாம்!

தமயந்தி நல்ல ஷாஃப்ட் ஒண்ணை எடுத்து, 'இதுதான் அளவு'ன்னு கருவிக்குக் காட்டிட்டாங்க. அன்னையிலிருந்து எல்லார் ஷாஃப்டும் பாஸ். செங்கோடனோடது மட்டும்... ஃபெயில். மறுநாளும் ஃபெயில்.

தமயந்தி கேட்டாங்க: "என்னங்கண்ணா, கை போயிடுச்சா?"

"தெரியலீங்க மேடம்... எப்பவும் போலத்தானுங்க பண்றேன்."

மெஷினை அவர்கிட்டேருந்து வாங்கிட்டாங்க. அவரைப் பேக்கிங் வேலையில போட்டாங்க. கொஞ்ச நாள்ல மனுஷன் வேலையையே விட்டுட்டார்.

அப்புறம் ஒருநாள், மேசை அழுக்காகுதேன்னு தமயந்தி வேற ஒருத்தரோட ஷாஃப்டைத் துடைச்சு வச்சாங்க. ஃபெயில்! மூலையில கிடந்த செங்கோடன் ஷாஃப்டை எடுத்து எண்ணெய் தடவி வச்சாங்க... பாஸ்.

புரியுதுங்களா? துருப்பிடிக்காம இருக்க எல்லாரும் எண்ணெய் பூசி அனுப்புவாங்க. இரும்பு மேல இருக்கற சின்னச் சின்னப் பள்ளத்தை எண்ணெய் மூடிடும், கருவி ஏமாந்துடும். அளவுக்குக் காட்டினதும் எண்ணெய் பூசின ஷாஃப்டுதான். செங்கோடன் மட்டும் துடைச்சு வைப்பார். ஏன்? மேடம் கையில எண்ணெய் படக்கூடாதாம்... பாவி மனுஷன்!

தமயந்தி தேடி ஓடினாங்க. அவர் கேஸ் சிலிண்டர் ஏத்திக்கிட்டிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னோடதுங்கண்ணா. உங்க கையில ஒரு குறையும் இல்ல. நாளைக்கே வாங்க, உங்க மெஷின் அப்படியே இருக்கு."

அவர் கோபப்படலை. அதுதான் கொடுமை.

"வேண்டாமுங்க மேடம். வேற பட்டறையில போய் நின்னு பார்த்தனுங்க... மெஷின்ல கை வச்சாலே நடுங்குதுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டனுங்க."

தமயந்தி அழுதுக்கிட்டே திரும்பி வந்தாங்க. வேற என்ன பண்ணுவாங்க?

ஆசிரியர்களே... நாமளும் தினம் அளக்கறோம். ஒரு பொண்ணைப் பார்த்து, 'உனக்குக் கணக்கு வராதும்மா'ன்னு போற போக்குல சொல்லிடறோம். அவ நம்மகிட்ட மரியாதை வச்சிருக்கா, அதனால எதிர்த்துக் கேக்க மாட்டா. பின்னாடி நம்ம தப்பு தெரிஞ்சா மார்க்கைத் திருத்திடலாம். ஒரு நிமிஷ வேலை.

ஆனா அவ நம்பிட்டாளே... அதை எந்தப் பேனாவால திருத்துவீங்க?